அடுப்பங்கரை நாற்காலி

டெல்ஃபியா ஸ்லோன் தன் வாழ்நாளில் போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. முதலும் அதுதான், கடைசியும் அதுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் "நம்ம டெல்ஃபியா பாட்டுக்காரியாச்சே" என்பார்கள். சொன்ன கையோடு உதட்டையும் ஒரு சுழி சுழிப்பார்கள். அந்தச் சுழிப்புக்குக் காரணம் தட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக இருக்கும் பாட்டு.

வடக்கே ஏதோ ஒரு நகரத்தில் தாடி வைத்த பிள்ளைகள் சிலர், உலகம் மறந்துபோன தட்டுகளாகப் பொறுக்கி எடுத்து மறுபடி அச்சுப் போடுகிறார்களாம். அவர்கள் கையில் டெல்ஃபியாவின் தட்டும் அகப்பட்டது. அதைச் சாக்காக வைத்து உள்ளூர் வானொலிக்காரன் விர்ஜில் டாக்கெட் அவளைக் கூப்பிட்டான். பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டியது, அவள் அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டியது, அவ்வளவுதான் வேலை.

பெயருக்காகவோ புகழுக்காகவோ அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஆசையெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் சூப் கிண்டிய வருஷங்களில் ஆவியாகிப் போய்விட்டது. அவள் ஒத்துக்கொண்டது அக்கா இமோஜீனுக்காக. இமோஜீன் தங்கையின் போனை எடுப்பதில்லை. வாசலில் வந்து நின்றால் கதவைத் திறப்பதில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் வானொலியைத் திருகிவிடுவாள். சாவு அறிவிப்பில் தொடங்கி 'விற்க வாங்க' நிகழ்ச்சி முடியும்வரை அவள் அடுப்படியில் அது பேசிக்கொண்டே இருக்கும். எங்கள் மலைப்பக்கத்தில் அதைக் கேட்காத வீடு கிடையாது. அந்த ஒரு வழியாக மட்டும்தான் டெல்ஃபியாவின் குரல் இனி அக்கா வீட்டுக்குள் நுழைய முடியும்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ஓடையை ஒட்டிய ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டு வந்தபோது அதைக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, அன்னிக்கு வரிசையில நின்னது என் அம்மான்னு நான் சொல்லியிருக்கணும்." காருக்குள் அது சுலபமாகத்தான் வந்தது.

விர்ஜில் காப்பி ஊற்றிக் கொடுத்து ஒலிவாங்கியை அவள் பக்கம் இழுத்து வைத்தான். நல்ல பையன்தான், ஆனால் சிரித்துச் சிரித்தே மனுஷனைக் கொன்றுவிடுவான்.

"டெல்ஃபியாக்கா, முதல் பாட்டு 'கடைசி ஷிஃப்ட்'. உங்கப்பாவைப் பத்தினதுதானே?"

"ஆமாம்பா. அப்பா சுரங்கத்துல கரியை வெட்டுனாரு, கரி அவரு நெஞ்சை வெட்டுச்சு. இருமல் நிக்கும்போதுதான் பாட்டுக்குத் தாளம் கிடைக்கும் எனக்கு."

அது உண்மைப் பாட்டு. ஹோபார்ட் ஸ்லோன் மூச்சுக்குத் திண்டாடிச் செத்ததை ஊரே பார்த்தது. அடுத்தது 'டார்ஸியின் லாரி'. ஓடிப்போன புருஷனைப் பற்றியது, அதுவும் உண்மை.

"அவரு இப்ப எங்கேன்னு தெரியுமாக்கா?"

"லாரி எங்கேன்னு தெரிஞ்சா சொல்லு விர்ஜில், அது என் பேர்ல இருந்துச்சு."

விர்ஜில் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். பாட்டுகள் ஒன்றொன்றாய்த் தீர்ந்துகொண்டு வந்தன. சுழலும் தட்டில் ஊசி உள்ளே நகர்ந்துகொண்டே போனது.

அந்தக் கடைசிப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பது ஒரு கூத்து. பாட்டுத்தட்டுகளுக்குப் பேர்போன நாஷ்வில்லில் ஒலிப்பதிவு முடியப்போகும் நேரம், தட்டுக்கு ஒரு பாட்டு குறைந்தது. தயாரிப்பாளர் கறிக்கடைக்காரன் எடை பார்ப்பதுபோல அவள் பாட்டுகளைப் பார்த்தார். "அப்பா இருக்காரு, புருஷன் இருக்கான், மழை இருக்கு. அம்மா எங்கேம்மா? அம்மா சாகாம என்ன கன்ட்ரி பாட்டு?" டெல்ஃபியா கிதாரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தாள், சாப்பாட்டு வேளைக்குள் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

*அடுப்போரம் ஆடும் நாற்காலி*
*ஆளில்லாமல் நிற்குதம்மா,*
*அணைஞ்ச அடுப்பைக் கேட்டுப் பார்த்தேன்,*
*அதுவும் உன்னைத் தேடுதம்மா.*

பாடி முடித்தபோது ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் மூக்கைச் சிந்தினார்கள். அம்மா ஜெல்லாவோ அந்த நேரத்தில் ஊரில் குத்துக்கல்லாட்டம் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் பாட்டு பாட்டாகப் போயிருக்கும். ஆனால் கன்ட்ரி என்கிற எங்கள் நாட்டுப்புறப் பாட்டுக்கு ஒரு கிறுக்குத்தனம் உண்டு. மற்ற பாட்டுக்காரர்கள் பொய் பாடினால் கற்பனை என்பார்கள். எங்கள் பாட்டுக்காரி பொய் பாடினால் அது துரோகம். பாட்டு உண்மையாக இருந்தாக வேண்டும், உண்மை என்று வாயாலும் சொல்லியாக வேண்டும். பெரிய வானொலியில் பேட்டி கண்டவர் குரலைத் தாழ்த்தி "அம்மா எப்பம்மா தவறுனாங்க?" என்று கேட்டார். டெல்ஃபியா சின்னப் பெண், எதிரே தயாரிப்பாளர் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். "போன பனிக்காலம்" என்றாள். வாயில் வந்தது வெளியே விழுந்துவிட்டது.

அந்தப் பேட்டி மலையேறி எங்கள் ஊருக்கும் வந்தது. ஒரு வீட்டில் சாவு என்றால் நாங்கள் போன் போட்டு விசாரிக்க மாட்டோம். அப்படி விசாரிப்பது மரியாதை கிடையாது. அடுப்பை மூட்டி, சமைத்து அந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஊர்ப் பெண்கள் ஜெல்லாவைப் பனிக்காலத்திலிருந்தே பார்க்கவில்லை, சனியன் பிடித்த காய்ச்சலில் அவள் படுத்திருந்தது யாருக்கும் தெரியாது. போன பனிக்காலமே போய்விட்டாளாம், கூடவே இருக்கும் இமோஜீன் வாயைத் திறக்கவே இல்லையே, என்ன வேதனையோ என்று ஆளாளுக்கு வெந்து போனார்கள். சாயங்காலத்துக்குள் பன்றித்தொடை, கோழிக் குழம்பு, சோளரொட்டி, வாழைப்பழப் புட்டிங் என்று பாத்திரங்கள் மேடேறி வந்துவிட்டன. முதலில் வந்தவள் நெட்டி ப்ரூயிட். கதவைத் திறந்தது ஜெல்லா.

"என்னடி நெட்டி இது, இவ்ளோ பெரிய தொடை? யாரு செத்தது?"

நெட்டி கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். "நீங்கதான் ஜெல்லாக்கா."

"அட பாவிங்களா, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! சரி, உள்ள வா, சூடா இருக்கும்போதே சாப்பிடுவோம்."

வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து அவர்கள் கொண்டுவந்ததையே அவர்களுக்குப் பரிமாறினாள் ஜெல்லா. மறுநாள் ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தாள். "செத்தவ பாத்திரம் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கோடி" என்று வாசலிலிருந்தே கத்துவாளாம். பாட்டைக் கேட்டதும் அவளுக்கு அதைவிடச் சிரிப்பு. "அந்த நாற்காலியில நான் என்னைக்குடி உக்காந்தேன்? அது துவைச்ச துணி போடுற நாற்காலி!"

ஊர் சிரித்தது, ஆனால் பாதி மனசோடுதான். பொய்க்கு அழுத கண்ணீர் சும்மா போகாது. சிரிக்கவே சிரிக்காதவள் இமோஜீன் ஒருத்திதான். காய்ச்சலில் அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றியவள் அவள்.

"இப்ப இந்தக் கதை எல்லாரும் கேக்கணும்கா" என்று விர்ஜில் சொன்னபோது கடைசிப் பாட்டான 'அடுப்பங்கரை நாற்காலி' முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. "அந்தப் பன்றித்தொடைக் கதை. எங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

டெல்ஃபியா சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், ஊரே சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. விர்ஜில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். இனி அந்த வாக்கியம்தான் பாக்கி. தொண்டைவரை வந்து நின்றது.

அந்தக் காலத்தில், பாட்டு எல்லா வானொலியிலும் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து நகரத்து அரங்கில் அவள் பாடினாள். சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவும் அக்காவும் பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்ஃபியா வழக்கம்போல மேலே கையைக் காட்டி, "இது எங்கம்மாவுக்கு. அங்கேயிருந்து கேட்டுட்டு இருப்பாங்க" என்றாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண் அழுதபடி ஜெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். நிகழ்ச்சி முடிந்ததும் தட்டில் கையெழுத்து வாங்க ஜனம் வரிசை கட்டியது. கடைத்தெருவுக்குப் போகும் நீலத் தொப்பியோடு ஜெல்லாவும் வரிசையில் நின்றாள், மகளைக் கிட்டத்தில் பார்க்க அதுதான் வழி. முன்னும் பின்னும் கண் சிவந்த ஜனம், பக்கத்திலேயே தயாரிப்பாளர். டெல்ஃபியா நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்:

"யார் பேருக்கும்மா எழுதணும்?"

ஜெல்லா கண் இமைக்காமல் பதில் சொன்னாள். "ஜெல்லான்னு எழுதும்மா. நல்லாப் பாடினே."

இமோஜீன் ரெண்டடி தள்ளி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபின் அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் அம்மாவுக்கு ஒரு பனிக்காலம்தான் பாக்கி இருந்தது. சாவுக்கு டெல்ஃபியா, பாடப் போயிருந்த ஓக்லஹோமாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, மாதாகோவிலில் குடும்பத்தார் உட்காரும் முன்பெஞ்சுக்குப் போனவளை அக்கா கையை நீட்டி மறித்தாள்.

"நீதான் ஊர் ஊராப் போயி அழுது முடிச்சிட்டியே. இன்னைக்கு எங்க முறை. பின்னாடி போய் உக்காரு."

நெட்டி ப்ரூயிட் அன்றைக்கும் பன்றித்தொடை கொண்டுவந்தாள், இமோஜீனின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். டெல்ஃபியாவிடம் துக்கம் கேட்க ஒருவருக்கும் வார்த்தை வரவில்லை. அவளிடம் கேட்க வேண்டியதைத்தான் முன்னமே கேட்டுவிட்டார்களே. அதன்பிறகு அவளால் அந்தப் பாட்டைப் பாட முடியவில்லை. அந்தப் பாட்டு இல்லாமல் அவளை யாரும் கூப்பிடவில்லை. இப்படித்தான் இரண்டாவது தட்டு இல்லாமல் போனது.

"அக்கா?" விர்ஜில் கடிகாரத்தைக் காட்டினான். "கடைசியா நேயர்களுக்கு ஒண்ணு சொல்லுங்க. அம்மாவைப் பத்தி."

டெல்ஃபியா ஒலிவாங்கியைப் பிடித்தாள். 'அக்கா' என்று தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். ஆயிரம் மேடையில் ஓடிப் பழகிய நாக்கு, பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது.

"எங்கம்மாவுக்குத்தான் இந்தப் பாட்டு. அங்கேயிருந்து கேட்டுட்டு இருப்பாங்க."

"அருமை, அருமை" என்றான் விர்ஜில்.

சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். 'விற்க வாங்க' தொடங்கியது. நேயர்கள் போன் போட்டுத் தங்கள் பொருளை விற்கும் அந்த நிகழ்ச்சியில் பேர் சொல்லும் வழக்கம் கிடையாது, பொருளையும் போன் நம்பரையும் சொன்னால் போதும். முதலில் ஒருவர் கோழிகளை விற்றார். அடுத்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஒரு ஆடும் நாற்காலி இருக்கு. அடுப்பங்கரையிலயே இருந்தது. துணி போட்டு வச்சிருந்தோம், மத்தபடி யாரும் உக்காந்தது கிடையாது, புதுசு மாதிரிதான். சும்மாவே குடுத்துடறேன். இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடணும்."

விர்ஜிலின் சிரிப்பு நின்றுவிட்டது. டெல்ஃபியாவைப் பார்த்தான், பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். ஆனாலும் வழக்கம் வழக்கம்தான், அவள் சொன்ன நம்பரை நேயர்களுக்காக மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொன்னான். டெல்ஃபியாவுக்கு அது எதற்கு? அவள் பேசப் பழகிய நாளிலிருந்து அந்த வீட்டுக்கு அதே நம்பர்தான்.

நிலையத்து முன்னறையில் இருந்த பழைய போனை எடுத்துச் சுழற்றினாள். லைன் கிடைக்கவில்லை. சும்மா கிடைக்கும் பொருளுக்கு எங்கள் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. மறுபடி சுழற்றினாள், மறுபடியும் அப்படித்தான். வைத்து வைத்து எடுத்ததில் ஒரு தடவை மணி அடித்தது. உடனே எடுத்துவிட்டார்கள்.

"நாற்காலிக்கா கண்ணு? அடடா, இப்பத்தான் ஒருத்தங்க வர்றேன்னு சொல்லிட்டாங்களே."

அக்காவின் அந்தக் குரலை டெல்ஃபியா கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. சின்ன வயதில் தலை பின்னிவிடும்போது பேசிய அதே குரல். இந்தக் கனிவு கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"கேக்குதா கண்ணு? உன் பேரைச் சொல்லு, எழுதி வச்சுக்கறேன். அவங்க வரலைன்னா உனக்கே தர்றேன்."

"நான்தான்கா" என்றாள் டெல்ஃபியா.

லைன் துண்டாகவில்லை. அடுப்படியில் வானொலி ஓடுவது கேட்டது, விர்ஜில் யாருடைய துணி துவைக்கும் இயந்திரத்தையோ விற்றுக்கொண்டிருந்தான்.

"அக்கா, அன்னிக்கு அந்த வரிசையில..."

"நாற்காலி போயிடுச்சுங்க" என்றாள் இமோஜீன், கோபமே இல்லாமல், முன்பின் தெரியாதவர்களிடம் பேசும் மரியாதையோடு. பிறகு போனை வைத்துவிட்டாள்.