நகத்தில் வைத்த மை

விருத்தாசலத்தில் நான் முதலில் கவனித்தது அந்த அக்காவின் விரல் நகத்தை. தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. என் விரலிலிருந்த மையும், டீக்கடையில் டம்ளர் பிடித்திருந்தவர்களின் மையும் நகத்தோடு வளர்ந்து, அடியில் வெள்ளை விட்டு மேலேறியிருந்தன. அவருடையது மட்டும் நேற்று வைத்தது போல நகத்தின் அடியிலேயே கருகருவென்று உட்கார்ந்திருந்தது.

நாடே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது என்கிறார்களே, சாதாரண சனங்கள் அதற்குள் எப்படித்தான் வாழ்கிறார்கள், பார்த்துவிடலாம் என்று ஒரு பையையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன் அப்போது. சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் இந்தத் தெருவைச் சொன்னார். இரண்டு வரிசையிலும் பீங்கான் பொம்மைப் பட்டறைகள். கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சூளை. கீழண்டை வரிசை ஒரு கட்சி, மேலண்டை வரிசை இன்னொரு கட்சி. கொடிக்கம்பம் நடுவதில் வந்த தகராறுக்குப் பிறகு இரு வரிசைக்கும் பேச்சே கிடையாது.

ஏச்சும் முறைப்பும் இருக்கும் என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனேன். ஒன்றுமே இல்லை. பொம்மைப் பலகையைத் தோளில் வைத்து ஒருவர் வருவார். எதிரே இன்னொருவர் வருவார். எதிரில் வெறும் காற்றுதான் இருக்கிறது என்பது போலக் கடந்து போவார்கள். தோள் உரசினாலும் திரும்ப மாட்டார்கள். கீழண்டையில் டீ குடித்துவிட்டு மேலண்டைக்குப் போய், ஒரு பட்டறை வாசலில் நின்றவரிடம் "அண்ணே, வணக்கம்" என்றேன். அவர் என் நெஞ்சு வழியாகப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை என் குரல் வெளியே வருகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உள்ளே வரிசையாக நின்றிருந்த, கண் எழுதாத வெள்ளைப் பொம்மைகள் அவரைவிடத் தேவலாம் போலிருந்தது.

சூளைக்கார அக்காதான் என்னை மீட்டார். சூளையின் ட்ராலியில் பொம்மைகளை அடுக்குவது அவர் வேலை. தெருவில் இரண்டு பக்கமும் பேசுகிற ஒரே ஆள். "கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுக்கா" என்று ஒரு வரிசைக்காரர் சொல்வதை, ஒரு முழத் தொலைவில் நிற்கும் எதிர் வரிசைக்காரரிடம் அக்கா திருப்பிச் சொல்வார். அப்போதுதான் அது காதில் விழும். அன்றும் மேலண்டையைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்: "ஏம்பா, இது நம்ம புள்ளதான், பேசுங்க."

"அடடே, எப்ப வந்தீங்க தம்பி? டீ சாப்புடுறீங்களா?" அரை மணி நேரமாக எதிரில் நின்றவனுக்கு அந்த அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்!

மத்தியானம் சூளை வாசலில் அக்கா சோற்று டப்பாவைத் திறந்தபோது, அடக்கமாட்டாமல் நகத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அடப்பாவி, நகம் வளரும்ல! எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று சிரித்தார். "இது பூத்துல வச்ச மை இல்ல தம்பி. பொம்மைக்குக் கண்ணு எழுதுற மை. தெனமும் காலையில வச்சிக்கிறேன்."

அவருக்கு ஓட்டு திட்டக்குடியில், அம்மா வீட்டு விலாசத்தில். "பஸ்ஸு ஏறுறப்ப ரெண்டு வரிசையும் 'நமக்குத்தானேக்கா'ன்னு கேட்டாங்க. ரெண்டு பேருக்கும் தலய ஆட்டிட்டேன். அங்க போயி சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல குந்திக்கிட்டு இருந்துட்டு வந்துட்டேன்."

"ஏங்க்கா?"

"எந்தப் பக்கம் போட்டாலும் எம் மூஞ்சில தெரிஞ்சிரும். அப்புறம் மத்தப் பக்கத்துக்கு நான் தெரிய மாட்டேன். புருசனும் இல்ல, புள்ளயும் இல்ல. இவங்களும் பேசலன்னா எங்கிட்ட பேச யாருப்பா இருக்குது? வெளிய சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் கதை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இரண்டு தரப்பும் இதைக் கேட்டு ஒரே சிரிப்பைச் சிரித்துவிட்டால் போதும், பிளவு கரைந்துவிடும் என்று என் புத்தகப் புத்தி சொன்னது. சாயங்காலம் மேலண்டை அண்ணனிடம் சொன்னேன். "கில்லாடிதான் எங்கக்கா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கீழண்டை டீக்கடையிலும் சொன்னேன். அங்கேயும் சிரித்தார்கள். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது நாட்டு நடப்பைப் பேச ஆரம்பித்தால் எனக்கு அந்த இரண்டு சிரிப்பும்தான் கேட்கின்றன.

மறுநாள் காலை அக்கா சூளை வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொண்டாங்கப்பா, ட்ராலி காலியா கெடக்குது."

பலகைகள் வந்தன, இரண்டு பக்கத்திலிருந்தும். அக்கா நீட்டிய கைகளைத் தாண்டி நேராக ட்ராலிக்குப் போயின. கீழண்டைக்காரர் ஒருவர் எடுத்துக் கொடுக்க, மேலண்டை அண்ணன் வாங்கி அடுக்கினார்.

"இப்படித் தள்ளு மாமா."

"மெதுவா, மெதுவா. மூக்கு ஒடஞ்சிரப் போவுது."

நான் பார்க்க ஆசைப்பட்டு வந்த காட்சி அதுதான். அவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவரின் முழங்கை அக்காவின் தோளில் இடித்தது. இடித்தவர் திரும்பவில்லை. நான் ஓடிப்போய் அண்ணனின் கையைப் பிடித்தேன். "அண்ணே, அக்கா கூப்புடுறாங்க."

அவர் அக்கா நின்ற இடத்தைப் பார்த்தார். நிதானமாகவே பார்த்தார்.

"எந்த அக்கா?"

நடிப்பு துளிகூட இல்லை அந்த முகத்தில். பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு அடுத்த பலகைக்குப் போனார். சூளைக் கதவை அவர்களே சேர்ந்து மூடினார்கள். அக்கா என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"நான் பேசுறது ஒனக்காவது கேக்குதா தம்பி?"

"கேக்குதுக்கா" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு முறை கத்திச் சொன்னேன்.

இரண்டு வரிசையிலும் ஒருவர்கூடத் திரும்பவில்லை.