முத்தல் அம்பு

வில்லுக்கு நாண் ஏற்றத் தெரியாதவன் வில்வித்தை தெரியும் என்று சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். நாலு வருஷம் டெம்பரரி குமாஸ்தாவாக இருந்தவன் எதை வேண்டுமானாலும் சொல்வான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் எனக்கு அந்த உத்தியோகம். மயிலாப்பூரிலிருந்து தினமும் டிராமில் போய் வருவேன். துரை எதைக் கேட்டாலும் அங்கே "யெஸ் சார்"தான். கேள்வி என்ன என்பதை அப்புறம் யோசித்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "உங்கள் சாமி கையில் வில் இருக்கிறதே, அப்படியானால் உனக்கும் விடத் தெரியும், இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "யெஸ் சார், பரம்பரையாக" என்றேன். பரம்பரையாக எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பளம் இடுவது.

துரைக்குத் தலைகால் புரியவில்லை. ஏலத்தில் எடுத்த வடநாட்டு வில் இரண்டு வைத்திருந்தார். ஒன்றையும் ஒரு கட்டு அம்பையும் என் தலையில் கட்டி, மாதக் கடைசிச் சனிக்கிழமை அடையாற்றில் தன் தோட்ட பங்களாவில் எனக்கும் அவருக்கும் போட்டி என்று அறிவித்துவிட்டார். ஹெட்கிளார்க் என் காதருகே குனிந்து, "ஓய், உம்மைப் பெர்மனெண்ட் பண்ற காகிதம் அவர் மேஜைலதான் கிடக்கு. ஜாக்கிரதை" என்றார்.

வில்லோடு வந்த நாண் ஆட்டு நரம்பில் முறுக்கியது. என் மனைவி அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "கர்மம், கர்மம்! ஏன்னா, ஆட்டு நரம்பையா ஆத்துக்குள்ள கொண்டு வரேள்? தூரப் போட்டுட்டு ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ." போட்டேன், குளித்தேன். வில்லே எருமைக் கொம்பையும் நரம்பையும் சேர்த்து ஒட்டியதுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது மாதம் முழுக்கப் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலேயே சாய்ந்திருந்தது.

வேறு நாணுக்காக நொச்சிக்குப்பம் போனேன். என் வயசு மீனவன் ஒருவன் வலை பின்னுகிற நூலில் வில்லின் நீளத்துக்கு நாலைந்து இழை வெட்டித் தந்தான். அவற்றைச் சேர்த்து முறுக்கி அங்கேயே வில்லில் கட்டினேன். நாண் இல்லாத வில் பிறை மாதிரி வளைந்திருந்தது. எங்கள் வீட்டுக் காலண்டரில் ராமர் பிடித்திருக்கும் வில்லும் அப்படித்தான் வளைந்திருக்கும். ஆகவே அந்த வளைவிலேயே நூலைக் கட்டிவிட்டேன். ஒரு சிரமமும் இல்லை. இதற்கா இத்தனை பேர் கஷ்டப்பட்டார்கள் என்று தோன்றியது. இழுத்து விட்டேன். அம்பு என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது.

மீனவன் மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா சாமி, தலகீயா கட்டிக்கினு கீறே! நூலு குந்தற பள்ளம் அந்தாண்ட கீது பாரு!"

பார்த்தேன். இரு நுனிகளிலும் நாண் உட்காருவதற்கு வெட்டிய பள்ளம் மறுபக்கத்தில் இருந்தது. அந்த வில்லை அதன் வளைவுக்கு எதிராக வளைத்துத்தான் நாண் ஏற்ற வேண்டும். அவன் முழங்காலால் அழுத்த, நான் தொங்க, நாண் ஏறியது. நுனிகள் இரண்டும் வெளியே சுருண்டு கோபித்துக்கொண்ட உதடுகளாக நின்றன. அதற்கப்புறம் பத்து நாள் காலையில் அதே வேலை. நாண் நீளமாக இருந்தால் முன்கையில் பளீரென்று அடித்தது. முறுக்கி அளவுக்கு மேல் குட்டையாக்கினால் வில் தோள்பட்டை வரை உதறியது. கட்டைவிரலை நிமிர்த்திய முஷ்டி வில்லுக்கும் நாணுக்கும் நடுவே சரியாக அடங்கும் வரை முறுக்கினோம், தளர்த்தினோம். அம்பு ஒரே இடத்தில் உட்காருவதற்கு நாணில் சிவப்பு நூல் சுற்றினோம். வில் ஒருவழியாக வழிக்கு வந்தது. அம்புகள் வரவில்லை. ஒன்று நேரே போனால் அடுத்தது இடப்பக்கம் போகும், அதற்கடுத்தது வலப்பக்கம்.

அதைத் தீர்த்தவள் என் மனைவி. மாட வீதிக் கறிகாய்க்காரர்கள் அவளைக் கண்டால் தராசைக் கீழே வைத்துவிடுவார்கள். "ஒரு நாள் ஒரு நல்ல முருங்கைக்காய் வாங்கிண்டு வந்திருப்பேளா? உங்களுக்கு அம்பு பொறுக்கத் தெரியுமாக்கும்" என்று அம்புக்கட்டைக் கையில் வாங்கி, ஒவ்வோர் அம்பையும் இரு கையாலும் வளைத்துப் பார்த்தாள். "இது பிஞ்சு, கொழகொழங்கறது. இது பதம். இது முத்தல், வளையவே மாட்டேங்கறது." முத்தலாக மூன்று தேறின. மஞ்சள் கையோடு அந்த மூன்றுக்கும் இறகுக்குக் கீழே ஒரு தீற்றுத் தீற்றி ஒதுக்கினாள்.

மறுநாள் விட்டுப் பார்த்தேன். பிஞ்சு வலப்பக்கம் போயிற்று, முத்தல் இடப்பக்கம். பதமானவை வைக்கோல் மூட்டையில் போய்ச் சொருகின, ஒன்றன்பின் ஒன்றாக! மீனவன் விசில் அடித்தான். நான் மணலில் குதித்தேன். பிறந்ததிலிருந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். சொல்ல முடியாத சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை ஹெட்கிளார்க் மறுபடி குனிந்தார். "ஓய், நன்னா அடிக்கிறீராமே? துரையை ஜெயிச்சு வச்சீர்னா அந்தக் காகிதம் அடுப்புக்குத்தான்."

ஆக, குறி வைக்கப் பத்து நாள் கற்றதை ஒரே சாயங்காலத்தில் மறக்க வேண்டும். அதிலும் துரையிடம் தோற்பது லேசில்லை. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று போடாத மனிதர்; அவர் அம்பு பங்களா மீது பட்டாலே அதிசயம். ஆளுக்கு மூன்று அம்பு என்று பேச்சு. யோசித்து, மஞ்சள் தீற்றிய மூன்று முத்தலையும் எடுத்துப்போனேன். நேராகக் குறி வைக்கலாம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்பு தானே இடப்பக்கம் ஓடிவிடும்.

முதல் இரண்டும் சொன்னபடி கேட்டன. துரையின் முதல் இரண்டும் குரோட்டன் செடியில் விழுந்தன. மூன்றாவதை நான் விட்டபோது மணி மூன்றரை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த மடையன் நான், கடல்காற்றை மறந்துபோனேன்! அது இடப்பக்கமிருந்து குபுகுபுவென்று வந்து, ஓடப்பார்த்த அம்பை இழுத்துக்கொண்டுபோய்க் குறிப்பலகையின் நடுப்பொட்டில் சொருகியது. வேடிக்கை பார்க்க வந்த ஆபீஸ்காரர்களில் ஒருவரும் கை தட்டவில்லை. ஹெட்கிளார்க் முகம் வெளிறிவிட்டது. துரை குனிந்து தன் அம்பை நாணில் கோத்துக்கொண்டிருந்தார். அவர் விட்டது சுவரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போனதை அவரைத் தவிர எல்லாரும் பார்த்தோம்.

பலகைக்கு நடந்தோம். அதில் ஒரே ஓர் அம்பு. துரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூக்கு உரசுகிற மாதிரி கிட்டே போனார்.

"என்னுடையதுதானே?"

"யெஸ் சார்" என்றார் ஹெட்கிளார்க்.

துரை மஞ்சளை விரலால் தடவினார். "ஆமாம், என் அம்புக்கு நான் வைத்த அடையாளம்தான் இது" என்று என்னைப் பார்த்தார். "இல்லையா?"

நாலு வருஷம் கண்முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்து பதில் சொல்லிவிட்டது. துரை என் முதுகில் தட்டி, திங்கட்கிழமை காகிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அம்பைத் தன் ஆபீஸ் அறைச் சுவரில் மாட்டப் போகிறாராம்.

வீட்டில் பாயசம் தயாராக இருந்தது. "பெர்மனெண்ட்" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கடல்காற்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். துரை அம்பை எடுத்துக்கொண்டதற்கும் சிரித்தாள். "போனாப் போறது, முத்தலைத்தானே எடுத்துண்டார்!"

பாயசத்தைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "ஏன்னா, அதுல என் மஞ்சக் கை இருக்குமே. அது என்னன்னு கேக்கலையா?"

"கேட்டார். தான் வச்ச அடையாளம்னார்."

"நீங்க என்ன சொன்னேள்?"

"யெஸ் சார்னேன்."

சிரிப்பு நின்றது. கரண்டியைப் பாயசத்திலேயே விட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.