அண்ணனின் வண்டிக் கழுத்தும் சித்தப்பா கொடுத்த டப்பாவும்

அண்ணன் கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருடம் திரும்புகிறது. நினைவு மலருக்குக் கட்டுரை எழுதும்படி என்னிடம் சொன்னவர் எங்கள் சித்தப்பா. "உனக்குத்தான் தமிழ் நல்லா வருது. உங்கண்ணன் பெரியவங்க சொல்லத் தட்டாதவன்னு மறக்காம எழுதிடு" என்றார். அவர் சொல்லைத் தட்டாமல் எழுதுகிறேன். உறவினரும் நண்பர்களும் பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரி வரையில் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஆலங்காயத்தில். எங்கள் அப்பா மலையடிவாரத்தில் ஆவாரம்பட்டை வாங்கி, தோல் பதனிடும் ஆம்பூர் ஷாப்புகளுக்கு மாட்டு வண்டியில் அனுப்பிக்கொண்டிருந்தவர். அவரைக் காலரா கொண்டுபோனபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. அப்பாவின் தம்பியான சித்தப்பா அப்போது ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பின் மேஸ்திரி. அம்மாவையும் எங்களையும் அழைத்துவந்து தம் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்தார். அண்ணனுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தார். இதை நான் மறைக்கவில்லை. நான் மறைத்தாலும் அவர் மறக்க விடமாட்டார்.

அண்ணன் சுண்ணாம்புக் குழியில் கால் வெந்து, பிறகு தோல் தரம் பிரித்து, கடைசியில் சந்தை சந்தையாகப் போய்ப் பச்சைத்தோல் வாங்கும் வேலைக்கு உயர்ந்தார். நான் மிஷன் பள்ளியில் படித்து ஆசிரியையானது அவர் உழைப்பில்தான். அம்மா போன பிறகு தனி வீடு பார்த்தார். குடியாத்தத்து நெசவாளர் குடும்பத்தில் பெண் எடுத்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். ஆட்டுத்தோல் வாங்கப் போகிறவனுக்கு ஆகாயக் கப்பல் எதற்கு என்று கேலி பேசிய உறவினர்கள், அவர் பின்னால் உட்கார்ந்து திருப்பத்தூர் சந்தைக்குப் போக மட்டும் கூச்சப்படவில்லை.

அந்த வண்டியைப் பற்றித்தான் இங்கே நான் சொல்லவேண்டும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை, வண்டியின் கழுத்து வழியாக ஹாண்டிலோடு சேர்கிறது. கழுத்தின் மேலும் கீழும் இரும்புக் கிண்ணங்கள். அவற்றில் மிளகைவிடச் சற்றுப் பெரிய இரும்புக் குண்டுகள். அவை உருண்டால்தான் ஹாண்டில் திரும்பும். பழைய குண்டுகள் கிண்ணத்தில் பள்ளம் பறித்துவிட்டதால், நேராகப் போகும்போது ஹாண்டில் அந்தப் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொண்டது. வேலூரில் பழுதுபார்க்க விட்டால் எப்போது வரும் என்று தெரியாது. அண்ணன் மதராசிலிருந்து புதுக் கிண்ணமும் குண்டும் கிரீஸும் வரவழைத்து, வீட்டிலேயே மாற்றிவிடத் துணிந்தார். அண்ணி அப்போது பிரசவத்துக்குக் குடியாத்தம் போயிருந்தார்.

பின்முற்றத்தில் வண்டியைக் கட்டைமேல் ஏற்றினோம். அடுத்த வீட்டு ஜட்கா வண்டிக்கார பாய், முரட்டுக் குதிரையைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் சக்கரத்தையும் கவையையும் கழற்றி, பழைய கிண்ணங்களைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தார். புதியவற்றை மரத்துண்டு வைத்துச் சாயாமல் இறக்கினார். பழைய குண்டு ஒன்றுகூடக் கலந்துவிடக் கூடாதென்று தனியே துணியில் முடிந்து வைத்தார். கிரீஸில் குண்டுகளைப் பதிக்கும் வேலையைச் சிறிய விரல்காரியான எனக்குக் கொடுத்தார். ஒன்றையொன்று நெருக்காமல் உருளுவதற்கு ஒரு குண்டளவு இடம் விடவேண்டும் என்றார். அப்படியே விட்டேன். கடைக்காரர் கூடுதலாக அனுப்பிய ஒன்று என் கையில் மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா வந்தார். கிரீஸை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இன்னாடா இது, சீமைக் களிம்பு? வெயில்ல உருகி ஓடிடும். நம்ம கொழுப்பு இருக்கச் சொல்ல இது எதுக்கு? எத்தினி வருசமா சேணம், வாரு எல்லாம் அதுலதான் நிக்குது" என்றார்.

சொன்னதோடு விடாமல் ஷாப்புக்குப் போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். மீன் எண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் காய்ச்சிக் கலந்தது. பதனிட்ட தோலில் தேய்ப்பது. தோல் அதைக் குடித்துவிடும். இரும்பு குடிக்குமா? அண்ணனுக்கு இது தெரியாமலில்லை. என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், பிறகு துணியை எடுத்துக் கிரீஸை வழித்துப் போட்டார். சித்தப்பா கொடுத்த கொழுப்பில் அத்தனை குண்டுகளையும் மறுபடி பதித்தோம். அப்போதும் அந்த ஒன்று மிஞ்சியது. சித்தப்பா அதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

முதலில் ஹாண்டில் வெண்ணெய்போல் திரும்பியது. நாள் போகப் போக இறுகியது. அண்ணன் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னார். புதுச் செருப்புக் கடிக்கத்தான் செய்யும், பிரித்துப் பேஜார் பண்ணாதே, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. அண்ணன் அதையும் தட்டவில்லை. கழுத்தைத் திறந்து கழுவ ஒரு பொழுது போதும். பெரியவர் வேண்டாமென்ற பிறகு அவர் கை அங்கே போகவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

ஒருநாள் நாட்றம்பள்ளிச் சாலையில் அண்ணன் எதிரே வந்த கட்டை வண்டிக்கு ஒதுங்கினார். ஒதுங்கத் திருப்பிய ஹாண்டில் மறுபடி நேருக்கு வரவில்லை. வண்டியோடு மதகுக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, புண் சீழ் வைத்து, வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவாறு வீட்டுக்கு வந்தார். வந்ததும் கட்டிலைப் பின்வாசல் பக்கம் போடச் சொன்னார்.

"கழுத்தத் தொறந்து பாரு பாப்பா" என்றார்.

பாய் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நானே திறந்தேன். வைத்த குண்டுகள் எல்லாம் வைத்தபடியே இருந்தன. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் உடையவில்லை. கொழுப்புத்தான் சாலைப் புழுதியோடு சேர்ந்து வேப்பம்பிசினாக இறுகியிருந்தது. ஒரு குண்டைப் பெயர்க்க ஊசியால் நெம்ப வேண்டியிருந்தது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். கிண்ணத்தைக் கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணன் வெகுநேரம் பார்த்தார்.

"சித்தப்பாகிட்ட சொல்லிடாத. அவரு தாங்க மாட்டாரு" என்றார்.

நான் சொல்லவில்லை. காய்ச்சல் கண்டு, பிறந்த மகனை ஒருமுறை மார்பில் போட்டுக்கொண்டு, அண்ணன் கண்மூடினார். தாங்கமாட்டார் என்று அண்ணன் நம்பிய சித்தப்பா நன்றாகவே தாங்கினார். அடக்கம் முடிந்து திரும்பிய அன்றே அண்ணியிடம், "குண்டு ஒண்ணு உள்ள போவாம இவ கையிலயே நின்னுடுச்சு, என் கண்ணால பாத்தேன். பொம்பள கை வெக்கிற வேலையா அது?" என்றார். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதத் தமிழ் போதாது. அன்று குழந்தையோடு குடியாத்தம் போனவர் இன்றுவரை என்னோடு பேசவில்லை. மூன்று தடவை போனேன். என் அண்ணன் மகனை என் கையில் கொடுக்கவில்லை. அவனுக்கு என் முகம் தெரியாது.

அண்ணி, இந்த மலர் உங்களுக்கும் வரும். கோபத்தில் கிழித்துப் போடுமுன் பாயைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் அன்றே சொல்லத் தயாராக இருந்தார். ஜட்கா ஓட்டுகிறவரை யாரும் கேட்கவில்லை. அண்ணனிடம் நான் ஒப்புக்கொண்டது இதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொல்வதில்லை என்பதைத்தான். பழியைச் சுமந்துகொண்டு உங்களை இழப்பதாக நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவர். சித்தப்பா எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். அந்தக் குணத்தைப் பாராட்டிக் கண்ணீர் விட்டவர்கள், அதனால்தான் அவர் செத்தார் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.

இனி நன்றி. மதகிலிருந்து அண்ணனைத் தூக்கி எடுத்த பெயர் தெரியாத வண்டிக்காரருக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் புண் கழுவிய நர்ஸம்மாவுக்கும், இரவும் பகலும் கூட இருந்த பாய்க்கும் நன்றி. துக்கத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, என் கையைப் பற்றிக் கதை பேசிவிட்டுப் போன உறவினர்களுக்கும் நன்றி.

சித்தப்பாவுக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். அவர் கொடுத்த டப்பாவை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆகவே வண்டிக் கழுத்திலிருந்து நான் சுரண்டி எடுத்ததையெல்லாம் அதில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். வருஷ ஜெபத்துக்கு வரும்போது அவர் வாங்கிக்கொண்டு போகலாம். அண்ணியும் அன்று வந்தால், அவர் எதிரிலேயே மூடியைத் திறந்து காட்டிவிட்டுத் தருவேன்.