கசடு தடித்த நாளும் ராமையாவும்

செய்தி வந்தபோது பதுளையில் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் ராமையாவின் மகள். "மாஸ்டர், அப்பா காலையில போயிட்டாருங்க" என்றாள். அதற்குமேல் ஒரு தாளையும் திருத்த முடியவில்லை.

நமுனுகுல தோட்ட லயத்தில் அவரோடு வளர்ந்தவர்களே, பதுளை வார்ப்புப் பட்டறையில் அவரோடு வெந்தவர்களே, ராமையாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு முழுதாகத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்.

நான் யாழ்ப்பாணத்தான், இரசாயனவியல் ஆசிரியன், வாய் கொஞ்சம் நீளம். சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போய், இரும்பு உருக்கும் அவருக்கே உலையைப் பற்றி விளக்கம் சொல்வேன். "நீங்க பலகையில உருக்குறீங்க, நான் அடுப்புல உருக்குறேன். வேர்க்கிறது எனக்கு மட்டுந்தான்" என்று சிரிப்பார்.

உலையின் உள்சுவர் அரித்துப்போகிறது என்று ஒருநாள் குறைப்பட்டார். "அண்ணை, அலுமினா லேசில உருகாது. அலுமினா கூடின பழைய உலைத் தீக்கல்லை இடிச்சுப் பூசுங்கோ" என்றேன்.

"சுவர்ல நிக்குமாங்க?"

"நிக்கும். நான் பொறுப்பு."

என்ன துணிச்சல் எனக்கு!

அடுத்த திங்கள் பாடசாலை விடுமுறை. வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். பசறைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கு அவசரமாக இரும்புச் சட்டங்கள் வார்க்க வேண்டியிருந்தது. அடுப்பு எரியாவிட்டால் பறித்த கொழுந்து காயாமல் பாழாகும். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க வரும் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உலை சூடேறியதும் என் பூச்சு உதிர்ந்து, உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கசடுக்குள் விழுந்தது. அலுமினா ஒரு இரண்டுங்கெட்டான். சிலிக்கா மிகுந்த கசடில் காரமாக நடக்கும், சுண்ணாம்பு மிகுந்ததில் அமிலமாக நடக்கும். அளவோடு இருந்தால் கசடு இளகும். அளவு மிஞ்சினால் தடிக்கும். சுவரைப் பற்றி யோசித்த நான் கசடைப் பற்றி யோசிக்கவில்லை. கசடு களியாகி உலையின் கீழ்வாயை அடைத்தது. இரும்பு உள்ளே நின்றது.

ராமையா கம்பியை விட்டுக் கிளறிப் பார்த்தார். "சுண்ணாம்புக்கல்லு மட்டும் பத்தாது" என்று எதிரே இருந்த உரக்கடைக்கு ஓடி, டொலமைட் மூட்டை ஒன்றைச் சுமந்து வந்தார்.

"அது தேயிலைக்குப் போடுறதல்லோ!" என்று கத்தினேன்.

"மண்ணுக்கே கேக்குது, இதுக்குக் கேக்காதா? முன்ன ஒருக்கா போட்டுப் பாத்திருக்கேங்க."

தூள் காற்றில் பறக்காமல் தண்ணீர் தெளித்து, உருண்டை பிடித்து, மேல்வாயால் போட்டார். டொலமைட்டில் உள்ள மக்னீசியம் கசடை இளக்கியது. அரைமணி நேரத்தில் அது ஓடத் தொடங்க, பின்னால் இரும்பும் வந்தது. சட்டங்கள் அன்றே பசறைக்குப் போயின.

ஆனால் உலைச்சுவர் நாசம். முதலாளி வந்து, "யார்யா இந்தக் கண்றாவியப் பூசுனது?" என்று குதித்தார்.

"நான்தாங்க மொதலாளி" என்றார் ராமையா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் நீண்ட வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. உலைக்காரரான அவரை மணல் சலிக்க விட்டார்கள், மூன்று மாதம். சனிக்கிழமைகளில் போனேன், தேநீர் குடித்தோம், அதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

சாவு வீட்டில் முதலாளி அவரைப் புகழ்ந்து, "இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவதான் பிசகுனாரு" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும், "அது என்ர பிழை" என்றேன்.

ராமையாவின் மனைவி தலை நிமிர்ந்தார். "தெரியுங்க மாஸ்டர். அன்னைக்கே சொன்னாரு. 'மாஸ்டர் பேரு கெட்டா புள்ளைங்க அவரு பாடத்த நம்பாது. மணலு சலிக்கிறதும் வேலதானே'ன்னாரு. ஆனா, நீங்க ஒருநாள் வாயத் தொறப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாருங்க."

அவருடைய பொறுமை எனக்கு வராது. அதை அவரிடம் கற்றுக்கொண்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் உயர்தர வகுப்பில் அலுமினா பாடம். இத்தனை வருடமும் 'ஒரு பட்டறையில் நடந்த பிழை' என்றே அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறேன். இனி யாருடைய பிழை என்பதையும் சொல்வேன், ராமையா அண்ணை.