அறுவடைக்குப் பிறகு பார்த்த காணி

என் மனைவியின் வீட்டில் இருபத்தெட்டு வருடம் குடியிருந்தேன். எங்கள் ஊரில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீடு பெண்ணுக்கு, ஆண் உடுத்த உடுப்போடு வந்து சேர்வான். கல்முனைக்குடியில் துணிக்கடை வைத்திருந்தும் என் பெயரில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ, மூத்த மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இளையவளின் வீட்டுக்கென்று சேர்த்த காசைப் பார்த்ததும் எனக்குள் ஒரு போடியார் எழுந்து உட்கார்ந்தார். ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"வளவுக்குப் பின்னால இடம் கிடக்கு. இப்பவே அத்திவாரத்தப் போட்டிருவம்," என்றாள் மனைவி.

நான் விடவில்லை. கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் இடையில் இனி ஒரு கோழிக்கூடு வைக்கவும் இடமில்லை, சனம் வயல்பக்கம்தான் வந்தாக வேண்டும், இன்றைக்குக் காணி வாங்கினால் மகளின் கலியாண நேரம் விற்று மாடிவீடே கட்டலாம் என்று பாடம் நடத்தினேன். அவள் அத்தோடு கதையை விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வரிப்பத்தான்சேனைப் பக்கம் மூன்று ஏக்கர். தரகரோடு போனது ஆவணி மாதம், அறுவடை முடிந்த கையோடு. மோட்டார் சைக்கிளை நேராகக் காணியின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். போடியார்மார் செய்வதைப் பார்த்திருந்ததால் ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்தேன். என்ன மணக்க வேண்டும் என்று தெரியாததால், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துச் சேலைத்துணி பார்ப்பதுபோல் உரசினேன். "நல்ல சாமான்," என்றேன். தரகர் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே. காணியின் உறுதிப் பத்திரத்தை மூன்று பேரிடம் காட்டி எழுத்தெழுத்தாகப் படித்தேன். எதிலும் குறையில்லை.

என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வயல்காரரே குத்தகைக்குச் செய்தார். ஒவ்வொரு போகமும் அறுவடை முடிய டிராக்டரில் போய் என் பங்கு நெல்லை ஏற்றி வருவேன். இப்படி ஆறு வருடம். கடைக்கு வருகிறவர்களிடம் துணியைவிட அதிகமாக என் காணியைத்தான் விரித்துக் காட்டினேன்.

மகளுக்கு நல்ல இடம் ஒன்று பொருந்தி வந்தது. வீட்டோடு பெண் கேட்டார்கள். காணியை விற்கக் கிளம்பினேன். பண்ணை போட இடம் தேடிய ஒருவரை வாடகை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது மார்கழி மாதம். முழங்காலளவு பச்சைப் பயிர், கண்ணுக்கு எட்டிய மட்டும். நான் ஆறு வருடம் போய்வந்த பாதையைக் காணவில்லை.

"ரோட்டு எங்க?" என்றேன் குத்தகைக்காரரிடம்.

"ஏது ரோட்டு காக்கா? இது எங்கட வயல். வெட்டி முடிஞ்சா எல்லாரும் இதுக்குள்ளாலதான் போற. வெள்ளாம நிண்டா வரம்புதான் வழி."

"இத ஏன் முதல்ல சொல்லல்ல?"

"உங்களுக்குத் தெரியும் எண்டுதானே நினைச்ச. காணி வாங்குற ஆள் வழி கேளாம வாங்குமா?"

வாங்கும். வரம்பில் நடந்தாவது காட்டிவிடலாம் என்று இறங்கி, பத்தடி போவதற்குள் சறுக்கிச் சேற்றில் இருந்தேன். வந்தவர் வானுக்குள் இருந்தபடியே, "வெயில் காலத்துல பாப்பம் ஹாஜியார்," என்றார். குத்தகைக்காரருக்கு வாங்க ஆசைதான், காசில்லை. வழிக்கு நிலம் விடுங்கள் என்று சுற்றியுள்ள மற்ற வயல்காரர்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மனைவி அழவுமில்லை, ஏசவுமில்லை. தன் உம்மா தனக்குத் தந்த வீட்டை இளையவளுக்கு எழுதி வைத்தாள். அதில் என் விருப்பத்தைக் கேட்கவும் ஒன்றுமில்லை. உறுதி எழுதிய நொத்தாரிசு என்னைப் பார்த்து, "நீங்க சாட்சிக்கு ஒரு கையொப்பம் வைங்க," என்றார். இருபத்தெட்டு வருடம் இருந்த வீட்டுக்கு நான் சாட்சி. வெட்கத்தில் கையெழுத்து கோணலாக விழுந்தது.

இப்போது நாங்கள் இருவரும் வளவின் பின்னால், முன்பு சமைத்த பழைய குசினியில் இருக்கிறோம். மருமகன் நல்ல பிள்ளை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, நான் வழக்கமாக இருக்கும் கதிரையில் இருந்துகொண்டு, "மாமா, இறக்காமத்துப் பக்கம் மலிவா ஒரு காணி இரிக்காம். போய்ப் பாப்பமா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "போங்க மகன்," என்றாள். "மழைக்குள்ள போய்ப் பாருங்க."

அந்தக் காணியைப் பற்றி இத்தனை வருடத்தில் அவள் என் காதுபடச் சொன்னது அது மட்டும்தான். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனேன்.