பாதி நிரை பாஞ்சாலை

பாஞ்சாலைக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வேலப்பன். தேயிலைச் செடி வரிசையை நிரை என்போம். ஆளுக்கு ஒரு நிரை. அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். பாஞ்சாலையோ தன் நிரையைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து நிரைக்காரியோடு கதையளந்தபடி அங்கே கிள்ளிக்கொண்டிருப்பாள். கொழுந்து நிறுக்கும்போது அவள் கூடையில் குறை இருக்காது. ஆனால் விட்டுப்போன செடிகள் முற்றிவிடும். தோட்ட மானேஜர் துரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கங்காணி, அதை வட்டியோடு இவளிடம் திருப்பிக் கொடுப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். அடுப்பில் குழம்பு தீயும்போது அம்மணி கொல்லையில் கீரை பறித்துக்கொண்டிருப்பாள். சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று நாங்கள் குடியிருந்த லயமே பேசியது. அவளும் அதை நம்பித்தான் வாழ்ந்தாள்.

மகள் தாமரை அம்மாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. நாற்காலியில் உட்கார்ந்த நேரத்தைவிட வாத்தியார் அவளைத் தேடிய நேரம்தான் அதிகம். 1984 முடிவதற்குள் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கோலா தெர்லாவில் தன் தங்கையின் காய்கறித் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்பிவிடுவதென்று அப்பா சாம்பசிவம் முடிவு கட்டினார். பாஞ்சாலையையும் அதே மூன்றாம் வகுப்பில்தான் நிறுத்தியிருந்தார்கள்.

காத்துக் கறுப்பு ஏதாவது பிடித்திருக்கும், முனியாண்டிக்குச் சேவல் கொடு என்றார்கள். கொடுக்கப் போனார்கள். கோயில் மேடு ஏறி, பூசை முடிந்து, பூசாரி கத்தியோடு திரும்பிய பிறகுதான் தெரிந்தது, பாஞ்சாலை எடுத்துவர மறந்த சேவல் வீட்டிலேயே கட்டியபடி கிடக்கிறது. சாம்பசிவம் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், பிறகு யோசித்துப் பார்த்து, தாமரையை ஈப்போ டவுனில் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

அந்த டாக்டரம்மா தமிழ்ப் பெண். பொறுமையாக எல்லாம் விசாரித்தார். அதற்குள் தாமரை அவருடைய மேசை இழுப்பறைகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டாள். இது திமிருமில்லை, பேயுமில்லை, கவனத்தைப் பிடித்து நிறுத்த மூளை படும் சிரமம் என்றார். அடிப்பதால் மாறாது, வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்து, இடையில் எழுந்து நடக்க விட வேண்டும். பெரியவர்களானாலும் சிலருக்கு இது போகாது, குடும்பத்தில் வேறு யாராவது இப்படி உண்டா என்றும் கேட்டார். சாம்பசிவம் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா, டாக்டரம்மா?"

"இல்லம்மா. மத்தவங்க சுலபமா செய்யறத நீங்க ரெட்டிப்பு பாடுபட்டுச் செஞ்சிருக்கீங்க."

பாஞ்சாலை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அத்தனை வருட ஏச்சும் கரைந்து போகிற மாதிரியான அழுகை. திரும்பும் பஸ் தாப்பா மலை வளைவுகளில் ஏறும்போது சாம்பசிவம் மெதுவாகச் சொன்னார்:

"புள்ள பள்ளிக்கூடமே போகட்டும் லா."

அதன்பின் நாலு கணக்குக்கு ஒரு தடவை எழுந்துபோய்க் கரும்பலகை துடைப்பது தாமரையின் வேலையானது. வேலப்பனும் முணுமுணுத்துக்கொண்டே சாலை வளைவிலிருந்த நீளம் குறைந்த நிரைகளைப் பாஞ்சாலைக்கு ஒதுக்கினார். அவற்றை முழுதாக முடித்தாள். பட்டப்பெயரை மட்டும் நாங்கள் விடவில்லை.

சேவலைப் பாஞ்சாலை அப்புறமும் முனியாண்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கேட்டால், மறந்துவிட்டதாகச் சொல்வாள். இது மட்டும் மறதியில்லை என்பது என் கட்சி. ஏனென்றால் தாமரையைத் தினமும் பள்ளிக்கு எழுப்பிவிட்டதே அந்தச் சேவல்தான்.