சிலாபம் தாண்டாத காதல் படங்கள்

பஸ்ஸில கொண்டக்டர் வேலை எண்டா, படம் போடுறவனும் நாமதான், படம் பாக்காதவனும் நாமதான். டிவி டிரைவர்ட தலைக்கு மேல இருக்கும். டிக்கட் போடுறவன் அதுக்கு முதுகக் காட்டிக்கொண்டு சனத்தப் பாத்து நிப்பான். இந்த வேலை செஞ்சவங்களுக்கு நான் படுற பாடு விளங்கும். மத்தவங்க சிரிச்சிட்டுப் போங்க, பரவாயில்ல.

எங்கட பஸ் கற்பிட்டியில இருந்து கொழும்புக்குப் போறது. காலமை வெளிக்கிடக்குள்ள ஒரு தமிழ்ப் படம் போடுவன். சிலாபத்தில நிப்பாட்டிடுவன். அங்க ஏறுறது கூடுதலா சிங்கள ஆக்கள், அவங்களுக்குச் சிங்களப் பாட்டு. அதனால எங்கட பஸ்ஸில ஒரு படமும் முடிஞ்சதா சரித்திரமே இல்ல.

படம் எடுக்கிற கணக்கு

திங்கட்கிழமையில மட்டும் காதல் காமெடி. காரணத்த இப்பவே சொல்லிடுறன், பிந்திச் சொன்னா இன்னும் வெக்கமா இருக்கும். திங்கட்கிழமை எத்தாளையில ஜெசிந்தா ஏறுவா. சிலாபத்தில ஒரு உடுப்புக் கடையில வேலை, கிழமை நாளில அங்கயே போர்டிங். அவ சிரிச்சா எனக்கு அண்டைக்கு முழுக்க நல்லா இருக்கும். முப்பத்தாறு வயசில இதச் சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. அவ என்னைப் பத்தி நல்ல மாதிரி நினைக்கணும். அதுக்கு மேல கேக்க எனக்கு வாய் வராது, மிச்சக் காசு குடுக்கக்குள்ளயே கணக்குப் பிழைச்சிடும்.

வாய் வராதவனுக்குப் படம்தான் வழி. கொமினிகேசன் கடையில பென் டிரைவில ஏத்திக்கொண்டு வருவன். எது நல்ல படம் எண்டு சனத்திட முகத்த வச்சுத்தான் பிடிப்பன். நுரைச்சோலையில கரண்ட் எடுக்கிற பெரிய காத்தாடி தெரியிற இடத்தில முதல் சிரிப்பு வரணும். பாலாவிச் சந்தியில ஹீரோவும் ஹீரோயினும் கோவிக்கணும். முந்தலில யாராவது லேஞ்சி எடுத்து மூக்கத் துடைக்கணும். இந்தக் கணக்கைக் கடைக்காரரிட்ட விளக்கமாச் சொன்னன். அவர் என்னை மேலயும் கீழயும் பாத்திட்டுக் கேட்டார்: "அண்ணன், உங்களுக்குப் படம் வேணுமா, ரூட் பேர்மிட் வேணுமா?"

லேஞ்சி

ஒரு திங்கட்கிழமை பஸ் திடீரெண்டு அமைதியாப் போச்சு. சிரிப்பும் இல்ல, இருமலும் இல்ல. திரும்பிப் பாத்தா, ஹீரோவும் ஹீரோயினும் மூக்கோட மூக்கு முட்டுற தூரத்தில நிக்கிறாங்க. முன் சீட்டில ஒரு உம்மாவும் மகளும். நாலாவது சீட்டில ஜெசிந்தா. ரிமோட்டக் காணல்ல. பாய்ஞ்சு போய் என்ட லேஞ்சிய டிவிக்கு முன்னால விரிச்சுப் பிடிச்சன். லேஞ்சி அரைவாசியத்தான் மறைச்சிச்சு. மத்த அரைவாசிய மறைக்க நான் சாஞ்ச நேரம், ரோட்டில கழுதை குறுக்க வந்து டிரைவர் பாரூக் நானா பிரேக் அடிச்சார்.

பிறகு பஸ்ஸில இருந்த ஆக்கள் கண்டது, டிவியக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற என்னையத்தான். ஜெசிந்தா யன்னல் பக்கம் முகத்தத் திருப்பிட்டா. எனக்கு அப்படியே இறங்கிக் கழுதையோட போயிடலாம் போல இருந்திச்சு. முன் சீட்டு உம்மா மட்டும் சாதாரணமாச் சொன்னா: "மகன், கொஞ்சம் தள்ளுங்க. அந்தப் புள்ள என்னா பதில் செல்லுதுண்டு பாக்கத்தானே இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டு ஈக்கிறம்."

நானாட முறைப்பாடு

பாரூக் நானா எங்கட டிரைவர். தலைக்கு மேல டிவி இருக்கிறதால அவருக்கும் படம் தெரியாது, சத்தம் மட்டும்தான். காதல் படம் எண்டா மெல்லிசாப் பாட்டு, குசுகுசுப்பேச்சு. அவருக்குக் கண் சொருகும். சண்டைப் படம் போடு எண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். திங்கட்கிழமை மட்டும் பொறுங்க நானா எண்டு நானும் ஏதேதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்தன்.

என்ட விசயம் ஒருத்தருக்கும் தெரியாது எண்டுதான் நினைச்சிருந்தன். மதுரங்குளியில நானாக்குக் கண் சொருகி ஒரு லொறிக்கு மயிரிழையில தப்பின அண்டைக்கு, அவர் திரும்பாமலே, கடைசிச் சீட்டுக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னார்: "தம்பி, ஒன்ட கலியாணம் சரிவாறதுக்கு இந்த பஸ்ஸில ஈக்கிற அவ்வளவு பேரும் மௌத்தாகணுமா?"

சேந்தாங்களா

அதுக்குப் பிறகு ஜெசிந்தா வேற பஸ்ஸில போவா எண்டு பயந்தன். அடுத்த திங்கட்கிழமையும் ஏறினா. டிக்கட் எடுக்கக்குள்ள, அதுவரைக்கும் கேக்காத ஒண்டக் கேட்டா. "போன கிழமைப் படத்தில கடைசியா ரெண்டு பேரும் சேந்தாங்களா?"

எனக்கெங்க தெரியும். "ஓம்" எண்டன். எப்படி எண்டு கேட்டா. மழையில, கோயில் வாசலில, ஹீரோட அப்பாவே கையப் பிடிச்சுக் குடுத்தார் எண்டன். பிறகு ஒவ்வொரு கிழமையும் கேட்டா, நானும் ஒவ்வொரு கிழமையும் சேத்து வச்சன். டிக்கட் போட்டுக்கொண்டே நான் செஞ்சு வச்ச கலியாணம் கொஞ்சமில்ல. பொய் சொல்றமே எண்டு மனசு உறுத்தும். ஆனா அவ மூச்ச விட்டுச் சொல்ற அந்த ஒரு வசனத்துக்காகத் திரும்பவும் சொல்லுவன்: "நல்ல காலம், கிழமை முழுக்க அதையே யோசிச்சுக்கொண்டு இருந்தன்."

பிடிச்ச படம்

ஒரு நாள் அவ முகம் சரியில்ல. "அந்தப் படம் நேத்து வீட்ட டிவியில போட்டாங்க" எண்டா. "மழையும் இல்ல, கோயிலும் இல்ல. அந்தப் பெட்டை வேற ஒராளக் கட்டிக்கொண்டு வெளிநாடு போயிட்டா." என்ட கையில இருந்த சில்லறை கீழ விழுந்திச்சு. குனிஞ்சு பொறுக்கினன், நிமிர மனமே வரல்ல. இவ்வளவு நாளா எடுத்த நல்ல பேர் அவ்வளவும் சீட்டுக்குக் கீழ கிடக்கிற மாதிரி இருந்திச்சு.

"சரி, இதையாவது உண்மையாச் சொல்லுங்க" எண்டா. "நீங்க போட்டதில உங்களுக்கு நல்லாப் பிடிச்ச காதல் காமெடி எது?" பஸ்ஸே காதக் குடுத்துக்கொண்டு இருக்கு. பாரூக் நானா டிவிச் சத்தத்தக் குறைச்சே விட்டார். ஒரு படத்திட பேரும் வாயில வரல்ல. "நீங்க முந்தலில அழுது, பிறகு சிரிச்ச படம்" எண்டு உளறிட்டன். ஆரோ பின்னால கனைச்சாங்க. வெக்கத்தில சிலாபம் வரைக்கும் பின் கதவிலயே நிண்டன்.

சிலாபத்தில இறங்குற ஆக்கள் எல்லாரும் இறங்கின பிறகுதான் அவ எழும்பி வந்தா. படியில நிண்டு, என்னைப் பாக்காமச் சொன்னா: "நீங்க ஒரு படமும் பாக்கல்ல, என்ட முகத்தத்தான் பாத்தீங்க, அது எனக்கு முதலே தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்ட வாங்க, அம்மாவும் இருப்பா. கதிரைய டிவிப் பக்கம் திருப்பித்தான் போடுவன், ஒரு படத்தையாவது முடியிற வரைக்கும் பாருங்க."

போனன், பிளேன்டீ குடிச்சன், படம் முடியிற வரைக்கும் இருந்தன். ஆனா படத்தில கடைசியா ரெண்டு பேரும் சேந்தாங்களா எண்டு மட்டும் என்னட்டக் கேட்டுடாதீங்க.